விவாகரத்து முடிந்துவிட்டது, ஹாலிடே கிளப் பாக்கி என் தலையில் விழுமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41, தனியார் கல்லூரி ஒன்றில் பேராசிரியர். நீளமான கடிதம் என்பதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

2014-இல் கணவரோடு ஒரு மாலுக்குப் போன இடத்தில் பரிசுக் கூப்பன் நிரப்பிப் போட்டிருக்கிறார்கள். மறுவாரம் ஓட்டலுக்கு அழைத்து, மூன்று மணி நேரம் படம் காட்டிப் பேசி, அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். 25 ஆண்டு விடுமுறை மெம்பர்ஷிப், வருடத்துக்கு ஏழு இரவு, விலை 3,60,000 ரூபாய். முன்பணம் கணவருடையது. 48 மாதத் தவணையில் பாதிக்கு மேல் இவருடைய சம்பளத்தில் போனது. ஒப்பந்தத்தில் கணவர் முதல் உறுப்பினர், இவர் இணை உறுப்பினர். 2022-இல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. வீடு, நகை, மகனின் படிப்புச் செலவு எல்லாம் சமரச ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. மெம்பர்ஷிப் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதன்பிறகும் ஒரு வருடம் அவர், விலை போக வருடந்தோறும் தனியாகக் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி ரிசார்ட்டுக்குப் போய்வந்தார். மறுமணத்துக்குப் பிறகு கட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போது மூன்று வருடப் பாக்கி, வட்டியோடு 71,000 ரூபாய் கட்டும்படி நிறுவனம் இவருக்கு மெயில் அனுப்புகிறது, போனிலும் அழைக்கிறது.

வாசகியின் கேள்விகள் இவை: “தீர்ப்பாணையில் ‘வருங்காலத்தில் ஒருவர் மீது ஒருவர் எந்த உரிமையும் கோரமாட்டோம்’ என்று இருக்கிறதே, பிறகு எப்படி என்னிடம் கேட்கலாம்? நான் கட்டிய தவணையில் பாதியாவது திரும்பக் கிடைக்குமா? இதே மெம்பர்ஷிப்பை இப்போது ஆறு லட்சத்துக்கு விற்கிறார்கள், விட்டுவிடாதே என்கிறார் என் அண்ணன். மகனுக்காக ஒரு வருடம் அவர், ஒரு வருடம் நான் என்று வைத்துக்கொள்ளலாமா? கட்டாவிட்டால் போலீஸ் கேஸ் வருமா, கடன் மகன் மேல் போகுமா? டெல்லியிலிருந்து ஒருவர் பேசினார், வாங்க ஆள் தயாராம், என்ஓசிக்கு (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) 35,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்.”

அன்புள்ள சகோதரிக்கு,

போலீஸ் பயத்தை முதலில் விடுங்கள். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் இருப்பது ஒப்பந்தப் பாக்கி. அது சிவில் விவகாரம். போனில் மிரட்டலாக எது சொன்னாலும், அதற்காக யாரும் உங்களைக் கைதுசெய்ய முடியாது. ஆனால் ஒரு விஷயத்தை இன்றைக்கே பாருங்கள். தவணை கட்டிய காலத்தில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். சில நிறுவனங்கள் அதே ஒப்புதலில் ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்துவிடும். அது இன்னும் உயிரோடு இருந்தால், பாக்கியை உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்ப்பார்கள். பணம் போதாமல் திரும்பினால் வங்கி அபராதம் போடும். காசோலை திரும்பினால் வருவது போன்ற வழக்குக்கு 2007-ஆம் ஆண்டு பணப்பரிவர்த்தனைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலும் இடம் இருக்கிறது. வங்கியில் கேட்டு அந்த ஒப்புதலை ரத்து செய்யுங்கள். பழைய காசோலை ஏதாவது அவர்களிடம் இருந்தால் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

தீர்ப்பாணை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது

உங்கள் கடிதத்தில் நான் திருத்தியாக வேண்டிய முக்கியமான எண்ணம் இதுதான். ‘எந்த உரிமையும் கோரமாட்டோம்’ என்பது நீங்களும் அவரும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. நிறுவனம் அந்த வழக்கில் இல்லை, அதில் கையெழுத்துப் போடவும் இல்லை. நிறுவனத்தைப் பொறுத்தவரை 2014-இல் இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், அவ்வளவுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 43-ஆவது பிரிவின்படி, பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, யாராவது ஒருவரிடமே முழுவதையும் கேட்கலாம். முதல் உறுப்பினர் போனை எடுக்கவில்லை என்றால் இணை உறுப்பினரைப் பிடிப்பார்கள். உங்களுக்கு நடந்துகொண்டிருப்பது அதுதான்.

அதே பிரிவு உங்களுக்கு ஒரு கதவையும் திறக்கிறது. முழுப் பாக்கியையும் நீங்கள் கட்ட நேர்ந்தால், அவருடைய பங்கை அவரிடம் கேட்கலாம். அப்படிக் கேட்கத் தீர்ப்பாணை வாசகம் தடையாகுமா? முழு வாசகத்தையும் படித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் சமரசத்தில் பேசப்படாத ஒன்றுக்கு, விவாகரத்துக்குப் பிறகு ஏறிய பாக்கி இது. பழைய கணக்கோடு இதைச் சேர்க்கக் கூடாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. முன்னாள் கணவன் மனைவி இடையே சொத்து பற்றிய வழக்கை விவாகரத்துக்குப் பிறகும் குடும்பநல நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் பாக்கியில் பாதியான சுமார் 35,000 ரூபாய்க்காக நீதிமன்றப் படிகளில் மறுபடி ஏறும்படி நான் சொல்லமாட்டேன். அவரோடு பேசும்போது கையில் இருக்க வேண்டிய பலமாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நீங்கள் வெளியே வர இரண்டு காகிதங்கள் வேண்டும். ஒன்று நிறுவனத்திடமிருந்து: இன்ன தேதியிலிருந்து நீங்கள் உறுப்பினர் இல்லை, பழைய பாக்கியோ புதுக் கட்டணமோ உங்களிடம் கேட்கப்படாது என்று. இன்னொன்று அவரிடமிருந்து: இதன் தொடர்பாக உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன் என்று. இரண்டாவது எதற்கு என்று தோன்றும். கூட்டாக வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவரை நிறுவனம் விடுவித்தாலும், மற்றவருக்கு அவர் கொடுக்க வேண்டிய பங்கிலிருந்து அது விடுவிக்காது என்கிறது 44-ஆவது பிரிவு. அதாவது கிளப் உங்களை விட்டுவிடும்; இரண்டு வருடம் கழித்து அவர் ‘நான் கட்டியதில் பாதி கொடு’ என்று நோட்டீஸ் விடலாம். ஒரு காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள் பிறகு கோப்போடு வந்து உட்காருவதை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கிறோம்.

பாதிப் பணம், ஆறு லட்சம்

சினிமாவையும் சீரியலையும் பார்த்து, விவாகரத்து என்றால் எல்லாம் சரிபாதி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கோவாவைத் தவிர இந்தியாவில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, திருமணத்தின்போதும் அதை ஒட்டியும் கொடுக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாகச் சொந்தமான பொருட்களைப் பற்றித்தான் பேசுகிறது. திருமண வாழ்க்கையில் சேர்ந்த சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் திருத்த மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மறு ஆண்டு மக்களவை கலைந்தபோது அது காலாவதியானது. வீட்டுக்காக வேலையை விட்ட எத்தனையோ பெண்கள் இந்த ஓட்டையால் இன்றும் வெறுங்கையோடு போகிறார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

உங்கள் விஷயத்தில் கேள்வி இன்னும் எளிது: பங்கு போட அங்கே என்ன இருக்கிறது? நீங்கள் வாங்கியது நிலமோ கட்டடமோ இல்லை, அறைகளைப் பயன்படுத்தும் உரிமை. 25 வருடத்தில் பாதி போய்விட்டது. நிறுவனம் ஆறு லட்சத்துக்கு விற்பது புது மெம்பர்ஷிப். அந்த விலையில் விற்பனையாளர் கமிஷனும் மாலில் போட்ட கடைச் செலவும் அடங்கும். உங்களுடையது பழையது, பாக்கி உள்ளது, மாற்றிக்கொள்ள நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டியது. அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அந்த விலைக்கு அவரே வாங்கிக்கொள்வாரா என்று அன்பாகக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கட்டிய தவணை வலிக்கும், புரிகிறது. அதை மீட்பதற்காக இன்னும் பணம் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். சில பழைய திட்டங்களில் ரிசார்ட் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கைப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கோப்பில் சார்பதிவாளர் அலுவலக முத்திரையோடு எதாவது இருந்தால் கதை வேறு. அது அசையாச் சொத்து. ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்கான கட்டணச் சலுகையை இனிக் கணவன் மனைவி என்று சொல்லிக் கேட்க முடியாது. நீங்கள் சொல்லும் ‘ஒப்பந்தமும் பிளாஸ்டிக் அட்டையும்’ என்ற விவரத்தைப் பார்த்தால் அப்படி இல்லை என்றே படுகிறது.

மகனுக்காக வைத்துக்கொள்வதா?

இந்தக் கேள்வியை நீங்கள் எழுதிய விதத்தில் ஒரு தாயின் தவிப்பு தெரிகிறது. அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு, பழைய வாழ்க்கையில் ஒன்றாவது அவனுக்கு மிஞ்சட்டும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு சுமார் 21,000 ரூபாய் என்கிறீர்கள். ஏழு இரவுக்கு வகுத்தால் ஓர் இரவுக்கு 3,000. சாப்பாடும் பயணமும் தனி. மெம்பர்ஷிப் வெள்ளைப் பருவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கூட்டம் குறைந்த மாதங்களுக்கானது. மே மாதப் பள்ளி விடுமுறையில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அறை கேட்டால் கூடுதல் பணம் கேட்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். கூட்டம் இல்லாத மாதத்தில் அதே 3,000-க்குப் பாக்கியும் ஒப்பந்தமும் இல்லாமல் நல்ல அறை கிடைக்கும். ஆண்டுக் கட்டணமோ 2039 வரை ஏறிக்கொண்டே போகும்.

ஒரு வருடம் அவர், ஒரு வருடம் நீங்கள் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. காகிதத்தில் அழகாக இருக்கும். நடப்பில், ஒருவர் கட்டத் தவறினால் இருவருக்கும் புக்கிங் நின்றுவிடும். அவர் முதல் உறுப்பினர் என்பதால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்டு நிற்க வேண்டும். மறுமணம் செய்தவரோடும் அவர் குடும்பத்தோடும் அப்படிப் பேச வேண்டிய நிலை உங்களுக்கும் வேண்டாம், அந்தப் பெண்ணுக்கும் வேண்டாம். அப்பாவோடு மகன் விடுமுறைக்குப் போக வேண்டும் என்றால், அதைக் குழந்தையைப் பார்க்கும் உரிமை பற்றிய ஏற்பாட்டில் பேசுங்கள்.

கடன் மகன் மேல் போகுமா என்று கேட்டீர்கள். போகாது. அவன் மைனர், ஒப்பந்தத்தில் அவன் இல்லை. உங்கள் காலத்துக்கோ அவர் காலத்துக்கோ பிறகு அவனுக்கு ஏதாவது சொத்து வந்தால், அந்தச் சொத்தின் அளவுக்குத்தான் பெற்றோர் கடன் அவனைத் தொடும். நாமினியாக அவன் பெயர் இருப்பதாலும் கடன் ஒட்டாது.

வெளியே வரும் வழி

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை நிதானமாகப் படியுங்கள். உறுப்பினர் பெயர் மாற்றம், சரண்டர் (மெம்பர்ஷிப்பை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுப்பது), கட்டணம் கட்டாவிட்டால் உறுப்பினர் உரிமை ரத்து ஆகிய மூன்று இடங்களில் கோடு போடுங்கள். இத்தனை வருடம் கட்டாவிட்டால் ரத்து என்று இருந்தால், நிறுவனம் ஏன் இன்னும் ரத்து செய்யாமல் பாக்கியை ஏற்றிக்கொண்டே போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எனக்குப் பிடித்த வழி, முழு மெம்பர்ஷிப்பையும் அவரே எடுத்துக்கொள்வது. அனுபவித்தவர் அவர்தான். இருவரின் சம்மதக் கடிதம், தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல், நிறுவனத்தின் படிவம் ஆகியவற்றைக் கொடுத்தால் பெயர் மாற்றித் தருவார்கள். பாக்கியைத் தீர்க்காமல் தொடமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். பாக்கியில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்றுக்கொண்டு தலைமுழுகுவது உங்களுக்கு லாபமே என்று நான் நினைக்கிறேன், இரண்டு காகிதமும் அன்றே கைக்கு வருமானால் மட்டும். வட்டியைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் கேளுங்கள். அசல் வருகிறது என்றால் வட்டியில் இறங்கி வருவார்கள்.

அவர் வேண்டாம் என்றால், இருவரும் சேர்ந்து சரண்டர் கடிதம் கொடுங்கள். திரும்ப வரும் தொகை சொற்பமாக இருக்கலாம், பாக்கியில் கழிந்தும் போகலாம். போகட்டும்.

அவர் பதிலே போடவில்லை என்றால் நீங்கள் மட்டும் நிறுவனத்துக்கு எழுதுங்கள். இணை உறுப்பினர் நிலையிலிருந்து விலகுகிறேன், 2022 முதல் நான் பயன்படுத்தவில்லை, புக்கிங் விவரப் பட்டியலும் கட்டணக் கணக்கும் கொடுங்கள் என்று மெயிலிலும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் பிசகக் கூடாது. ‘பாக்கியைச் சீக்கிரம் கட்டிவிடுகிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். போனில் தொல்லை தாங்காமல் ஐயாயிரம் மட்டும் அனுப்பிவைக்கவும் வேண்டாம். இப்படிப்பட்ட பாக்கியைக் கேட்டு வழக்குப் போட நிறுவனத்துக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. கெடுவுக்குள் நீங்கள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, கொஞ்சம் கட்டி அதற்கு உங்கள் கையெழுத்து பதிவானாலோ மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும். முதல் வருடப் பாக்கி கெடுவை நெருங்குவதால்தான் போன் அழைப்புகள் அதிகமாகியிருக்கலாம் என்பது என் ஊகம். ‘என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறேன்’ என்ற வரியைக் கடிதத்தில் சேருங்கள்.

நிறுவனம் சரண்டரையும் மறுத்து, கணக்கும் கொடுக்காமல் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, அதாவது கோவை மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணம் இல்லை. தகராறு வந்தால் வேறு ஊரில் மத்தியஸ்தர் முன்புதான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அதனால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம். நுகர்வோர் புகாருக்குக் கெடு இரண்டு வருடம். ஆகவே 2014-இல் மயக்கிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை இப்போது தனிப் புகாராக எழுப்புவது கடினம். இன்றைய மறுப்பை வைத்துத்தான் பேச வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்யுங்கள். அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும் தகராறுகளும் உண்டு.

அந்த டெல்லி அழைப்பு

ஒரு பைசா கட்டாதீர்கள். வாங்க ஆள் உண்மையிலேயே இருந்தால், கமிஷனை விற்ற பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். என்ஓசி கொடுக்க வேண்டியது உங்கள் கிளப். அதற்கான கட்டணத்தை அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் கட்டுவீர்கள், முன்பின் தெரியாதவரின் யுபிஐ எண்ணுக்கு இல்லை. முதலில் என்ஓசி, பிறகு ஜிஎஸ்டி, பிறகு டிடிஎஸ் என்று ஒவ்வொன்றாகக் கறப்பார்கள். உங்கள் மெம்பர்ஷிப் எண்ணும் பாக்கித் தொகையும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது என்கிறீர்கள். அது நம்பிக்கைக்கு அடையாளம் இல்லை, உறுப்பினர் விவரம் எங்கோ கசிந்திருக்கிறது. ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள்.

அவருக்கு என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தத் தயக்கம் இருக்கிறது. பழைய கதை எதுவும் வேண்டாம். மெயிலில் இவ்வளவு போதும்:

“வணக்கம். 2014-இல் நாம் சேர்ந்து எடுத்த ஹாலிடே மெம்பர்ஷிப்பில் பாக்கி இருப்பதாக எனக்கு மெயில் வருகிறது. இதை நான் தொடர விரும்பவில்லை. நீங்கள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதானால் தேவையான படிவங்களில் கையெழுத்துப் போடுகிறேன். வேண்டாம் என்றால் இருவரும் சேர்ந்து சரண்டர் செய்யலாம். பாக்கியை எப்படித் தீர்ப்பது என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இரண்டு வழியிலும், இதன் தொடர்பாக ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்பதில்லை என்று எழுதிக்கொள்வோம். 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். அதற்குப் பிறகு நான் நிறுவனத்துக்குத் தனியாக எழுதுவேன்.”

பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்த மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள். பதினாறாம் நாள், ஒப்பந்தம், தீர்ப்பாணை நகல், தவணை கட்டிய வங்கிக் கணக்கு அறிக்கை, நிறுவனம் அனுப்பிய மெயில்கள் ஆகியவற்றோடு உங்கள் ஊர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் வக்கீலுக்கென்று தனியாகச் செலவு செய்யவும் தேவையில்லை. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கொடுக்கிறார்கள்.